இ20 போட்ட பழைய வண்டி: இதுவரை பார்த்தது

பாலக்காட்டு எலப்புள்ளியில் எத்தனால் ஆலை வரலாமா கூடாதா என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். ஸ்பிரிட், அதாவது எத்தனால், 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் சட்டென்று தீப்பிடிக்குமா? மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்? என்னுடையது பழைய 100 சிசி, கார்பரேட்டர் வண்டி.

பங்கில் ஊற்றுவது என்னவென்று முதலில் பார்த்தேன். அளவு ஜாடியில் பெட்ரோல் 50 மி.லி., தண்ணீர் 50 மி.லி. விட்டுக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு போய்விடும். கலங்கல் தெளிந்தபோது தண்ணீர்க்கோடு 60-ஐ ஒட்டி ஏறி நின்றது. 20 சதவீதம் சரிதான். இதே குணம்தான் மழைக்காலத்தில் வில்லங்கம். டேங்கில் தண்ணீர் ஓரளவுக்கு மேல் இறங்கினால் எத்தனாலும் அதனோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும், எஞ்சினுக்கு முதலில் போவதும் அதுதான். மூடி வாஷரை மாற்றிவிட்டேன்.

மைலேஜ் பார்த்தது வேலந்தாவளம் வழியாகக் கோவை போகும் ரோட்டில். கணவாய்க் காற்று போகும்போது தள்ளும், வரும்போது எதிர்க்கும் என்பதால் போய்வந்த மொத்தத்தை மட்டும் எடுத்தேன். 10 சதவீதம் மட்டும் கலந்த இ10 காலத்து நோட்டில் லிட்டருக்கு 60 கி.மீ.-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 58. கணக்கும் ஒத்துப்போகிறது. லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தி சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. 2021 நிதி ஆயோக் அறிக்கையும் இ10-க்கு டியூன் செய்த பைக்குகளுக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்கிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம், அதாவது அழுத்தினாலும் தானாக முன்கூட்டிப் பற்றாது. கம்ப்ரஷன் கூட்டிய எஞ்சின் இந்த இழப்பில் கொஞ்சத்தை மீட்டுவிடும், என் எஞ்சினால் முடியாது. சத்து குறைந்த லிட்டருக்கும் அதே விலை வாங்குவது நியாயமே இல்லை.

தீ விஷயம் இவ்வளவு சுலபமில்லை. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். எத்தனாலுக்கு 13 டிகிரியாவது வேண்டும், ஆனால் நம் ஊரில் அது எப்போதும் தாண்டிய சூடுதான். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே பற்றும், எத்தனால் 3.3 சதவீதம் சேர வேண்டும். வெளியே சிந்தினால் எத்தனால்தான் தேவலை. மூடிய டேங்குக்குள் கதை தலைகீழ்: பெட்ரோல் ஆவி அளவுக்கு மிஞ்சி அடர்ந்து பற்றாமல் கிடக்கும், தனி எத்தனாலின் ஆவியோ நம் வெயிலில் பற்றும் அளவிலேயே நிற்கும்.

உச்சி வெயிலில் சிமென்ட் தரையில் எவர்சில்வர் கிண்ணம் வைத்து ஒரு ஸ்பூன் எத்தனால் ஸ்பிரிட்டைக் கொளுத்தினேன். தீயே தெரியவில்லை. தரையில் அலையலையாக ஒரு நிழல் மட்டும் ஆடியது. குறட்டில் பிடித்து நீட்டிய காகிதம் கறுத்துச் சுருண்ட பிறகுதான் எரிவது உறுதியானது. தண்ணீர் விட்டதும் அணைந்தது. பெட்ரோலை இப்படிச் சோதிக்கவே கூடாது, தண்ணீர் விட்டால் மேலே மிதந்துகொண்டே பரவி எரியும்.

1964-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கார் பந்தயத்தில் பெட்ரோல் தீயில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்த பிறகுதான் அங்கே எத்தனாலின் உறவான இன்னொரு ஆல்கஹால், மெத்தனாலுக்கு மாறினார்கள். 1981-இல் அதே பந்தயத்தில் ஓட்டுநர் ரிக் மியர்ஸ் மேல் பற்றிய மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியவில்லை. மெத்தனாலை நான் தொடப்போவதில்லை. அது விஷம், 2024-இல் கள்ளக்குறிச்சியில் என்ன செய்தது என்று பார்த்தோமே.

ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருக்கிறது, கலவையில் காற்று அதிகம் என்று அர்த்தம். அடுத்து கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றி அதே ரோட்டில் ஓட்டப்போகிறேன்.