கோத்தகிரியில் குரல் வகுப்பு

எங்கள் நாடகப் பேராசிரியர் ஓய்வுபெற்றுக் கோத்தகிரியில் குடியேறிவிட்டார். மனுஷன் சும்மா இருப்பாரா? சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிவைத்துக் குரல் பயிற்சி தருகிறார். நானும் போய் உட்கார்ந்தேன்.

உட்கார எங்கே விட்டார்! பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஆளுக்கொரு பாடப்புத்தகம். மூச்சை இழுத்தால் புத்தகம் மேலே வரணும், தோள் அசையக் கூடாது. அப்புறம் 'ஸ்ஸ்...' என்று சீராக விடணும். பாதியிலேயே எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது.

"தொண்டையில கத்தாதீங்க டீச்சர், மூச்சுல பேசுங்க. கடைசி பெஞ்சுக்குத் தானா போகும்."

செருமுவதற்கும் தடை. செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுமாம். பனிக்காலத்தில் இங்கே காற்று வறண்டுவிடும், தாகமும் தெரியாது; அதனால் நடுநடுவே வெந்நீர்.

கடைசியில் தெருக்கூத்து அடவு, அதாவது ஆட்ட அடிகள். குளிரெல்லாம் ஓடிப்போச்சு, முட்டிதான் இன்னும் வலிக்கிறது.

தமிழ்நாட்டில் நடிப்பை இப்படி உடம்பிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் மறைந்த பேராசிரியர் சே. ராமானுஜம். தில்லி தேசிய நாடகப் பள்ளியில், அப்போது அதன் இயக்குநராக இருந்த அல்காசியிடம் படித்தவர். 1977இல் காந்திகிராமத்தில் அவர் நடத்திய பட்டறையைப் பற்றி நாடகக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு தொடங்கியதும் அதே வருஷம்தான். இப்போது 'நடிப்புப் பயிற்சி' என்று கேமரா முன்னால் முகபாவம் மட்டும் கற்றுத்தருகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

நீலகிரி நண்பர்கள் வரலாம். கட்டணம் இல்லை. பாய் மட்டும் கொண்டுவாருங்கள், தரை ஐஸ்!