மேசை மேல் பரப்பிய சீட்டுகள்

பிளாஸ்டிக் உறையைப் பிரித்து எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள், டாக்டர் சீட்டு என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்புகிறார் அந்த உக்ரைன் வீரர். இன்று காலை பார்த்த ஒரு செய்திக் காணொளி. ஐம்பதைத் தாண்டியவர். தாடி முழுக்க நரை.

நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித்தான் எழுகிறார். ஒரு நொடி நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

இந்த உடம்பின் மேல்தான் கவச உடை, துப்பாக்கி, தோட்டா எல்லாம் ஏறவேண்டும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்ததிலிருந்து அங்கே 60 வயது வரை ஆண்களைப் படைக்கு அழைக்கலாம். போனவர்களுக்குத் திரும்பும் தேதி என்று ஒன்று கிடையாது. படைக்கு ஆள் சேர்ப்பதற்கான புதிய சட்ட மசோதாவில், 36 மாதம் பணியாற்றியவர்களை வீட்டுக்கு அனுப்பும் பிரிவு ஒன்று இருந்தது. 2024 ஏப்ரலில் சட்டம் நிறைவேறும் முன்பே அதை எடுத்துவிட்டார்கள். எத்தனை வீடுகளில் அன்று அழுதிருப்பார்களோ!

நோயைக் காட்டி வெளியே வர வேண்டுமென்றால் ராணுவ மருத்துவக் குழு கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் இத்தனை சீட்டும்.

எதிரி உள்ளே வந்து நிற்கிறான், ஆள் போதவில்லை. இவர் போனால் அந்தப் பதுங்குகுழியில் யார் நிற்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் இவரை அனுப்பிவிட வேண்டும் என்றே மனசு அடித்துக்கொள்கிறது. குண்டு விழும்போது இவரால் ஓட முடியாது. பக்கத்தில் நிற்கும் பையன்தான் இவரையும் இழுத்துக்கொண்டு ஓடவேண்டும்.