ஒற்றை எழுத்தில் ஓர் ஊர்

பிரான்சின் சோம் மாவட்டத்தில், ஹாம் நகருக்கு வடமேற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி ஒரு சிற்றூர். ஆங்கிலத்தில் 'வை' என்கிறோமே, அந்த ஓர் எழுத்துதான் அதன் முழுப் பெயர். நாட்டிலேயே இதைவிடச் சிறிய ஊர்ப்பெயர் கிடையாது. எழுத்தைச் சொல்லும்போது பிரெஞ்சுக்காரர்கள் 'இ கிரெக்' என்பார்கள். ஊரைச் சொல்லும்போது வெறும் 'இ'. ஊர்க்காரர்களுக்குப் பெயர் இப்சிலோனியர். எல்லாரையும் எண்ணினாலும் நூறு பேர் தேற மாட்டார்கள்.

போய்ச் சேர்வதற்கு முதல் தடை அந்தப் பெயரேதான். ஓர் எழுத்தை மட்டும் தட்டினால் பல வழிகாட்டிச் செயலிகள் தேடாது, அல்லது அதே எழுத்தில் தொடங்கும் இவெத்தோ போன்ற தொலைதூர ஊர்களை நீட்டும். 80190 என்ற அஞ்சல் குறியீட்டை இட்டு, வரும் பட்டியலிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பக்கத்து ஊரான மத்தீனியியை இலக்காக வையுங்கள். அங்கிருந்து வழி எளிது.

ரயிலில் வருபவர்கள் அமியேன் - லான் பாதையில் ஹாமில் இறங்கலாம். மிச்ச தூரத்துக்குப் பேருந்தை நம்ப வேண்டாம். கார் அல்லது சைக்கிள்தான் சரி. சாப்பாட்டையும் தண்ணீரையும் ஹாமிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சிறு நகரக் கடைகள் மதியம் இரண்டு மணி நேரம் சாத்தியிருக்கும், ஞாயிறு பிற்பகலில் பெரும்பாலும் திறப்பதில்லை.

எல்லாரும் படமெடுப்பது ஊர்ப் பலகையைத்தான். சிவப்புக் கரையிட்ட வெள்ளைப் பலகை நுழைவாயில். பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தால் ஊர் முடிந்தது. நுழைவுப் பலகையைத் தாண்டியதும், தனி அறிவிப்பு இல்லாவிட்டாலும், வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ. பலகைக்காகச் சாலையில் சட்டென்று பிரேக் போடாதீர்கள். சர்க்கரைப் பீட்ரூட் லாரிகள் ஓடும் இலையுதிர் காலத்தில் இது உண்மையிலேயே ஆபத்து. வண்டியை உள்ளே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பலகையோடு திரும்பிவிடுவது இந்த மண்ணுக்குச் செய்யும் நியாயமல்ல. முதல் உலகப்போரில், 1917 தொடக்கத்தில், தான் பின்னால் கட்டிவைத்திருந்த ஹிண்டன்பர்க் அரண்வரிசைக்குப் பின்வாங்கிய ஜெர்மன் படை இப்பகுதி ஊர்களை இடித்து, பழமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனது. இங்கே பல ஊர்களில் செங்கல் வீடுகள் ஒரே வயதினவாகத் தெரிவது அதனால்தான். எல்லாம் போருக்குப் பின் எழுந்தவை. பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பிரெஞ்சுப் பேரரசரான லூயி நெப்போலியன் 1840 முதல் 1846 வரை சிறையிருந்து தப்பிய ஹாம் கோட்டையையும் அப்போதுதான் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய சுவர்களை இன்றும் பார்க்கலாம். வடக்கே பெரோனில் 1992-இல் திறந்த முதல் உலகப்போர் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.