நூற்றுக்கு நூறும் இன்றைக்கு மூன்று கணக்கும்

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 502-லிருந்து 267-ஐக் கழித்து 365 என்று எழுதிக்கொண்டு வந்தான். விடையைப் பார்த்தாலே அவன் என்ன செய்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டான். சுழியத்தில் ஆறு போகாது, ஆறை அப்படியே கீழே இறக்கிவிட்டான். எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது என்று அவனாக ஒரு வழி வைத்திருந்தான். அதே நோட்டின் முதல் பக்கத்தில் அவன் அம்மா சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தார்: "அரையாண்டில் கணக்கில் 100."

ஆசைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 100-ஐப் பார்த்துவிட்டு அவன் இன்று சாயங்காலம் உட்கார்ந்து எதைச் செய்வான்?

நானும் முன்பு கரும்பலகையில் "இந்த மாதத்துக்குள் 12-ஆம் வாய்ப்பாடு வரை" என்று எழுதிப் போட்டவள்தான். நான்கைந்து பிள்ளைகள் முதல் வாரமே ஒப்பித்துவிடுவார்கள். மற்றவர்கள் மாதக் கடைசியில் என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்காருவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இலக்கு வைக்கும் விதத்தையே மாற்றினேன்.

1981-இல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கழித்தலில் பின்தங்கிய, கணக்கென்றாலே ஆர்வமில்லாத பிள்ளைகள். 42 பக்கப் பயிற்சி, 7 அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் 6 பக்கம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் முடிவதற்குள் 42 பக்கம் என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலக்கே சொல்லவில்லை. பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான். 6 பக்கக் குழு கழித்தலிலும் 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையிலும் முந்தியது, தானாகக் கணக்குப் போடும் விருப்பமும் அவர்களுக்கே வந்தது. தொலைவில் வைத்த 42 பக்க இலக்கால் சொல்லும்படியான பலன் எதுவும் இல்லை.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். முதல் நாள் இலக்கு ஒரே ஒரு கணக்கு. தாளில் வெட்டிய நூறு ரூபாய் ஐந்து, ஒரு ரூபாய் இரண்டு, இவற்றை அவன் கையில் கொடுத்து, "இதிலிருந்து எனக்கு 267 கொடு" என்றேன். ஏழு ரூபாய் கொடுக்க வழியில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தவன், "டீச்சர், சில்லறை மாத்திக்கவா?" என்றான். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றினான், அதில் ஒரு பத்தை ஒற்றை ரூபாயாக மாற்றினான். இப்போது 4 நூறு, 9 பத்து, 12 ஒன்று. எண்ணிக் கொடுத்ததுபோக மிச்சம் 235. பாடப்புத்தகம் இனமாற்றம் என்று சொல்வது இதைத்தான். "சுழியத்துக்கிட்ட எப்படிக் கடன் வாங்குவது" என்று பிள்ளைகள் திணறும் இடம் சில்லறை மாற்றினால் தானாகத் தெளிந்துவிடுகிறது.

மறுநாளிலிருந்து மூன்று கணக்கு. ஒவ்வொன்றையும் அவனே கூட்டிச் சரிபார்க்க வேண்டும்: 235-உம் 267-உம் 502 வருகிறதா? இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இலக்கை எட்டினோமா என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும். டீச்சர் டிக் போடும் வரை காத்திருக்க வைத்தால் பாதிச் சுவை போய்விடும்.

வாய்ப்பாட்டுக்கும் இதே கதைதான். "ஏழாம் வாய்ப்பாடு படி" என்றால் மலைப்பாக இருக்கும். 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள் தெரிந்த பிள்ளைக்கு ஏழில் புதியவை நான்கே நான்குதான்: ஆறேழு, ஏழேழு, எட்டேழு, ஒன்பதேழு. அதிலும் ஒன்பதேழு என்பது 70-இல் 7 குறைவு. நாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் இலக்கு வைக்கும்போது நேரக்கணக்கு வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வேண்டாம். "எத்தனை போடுகிறாய்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். இருபது என்று ஆர்வத்தில் சொன்னால் ஐந்தில் நிறுத்துங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எட்ட முடியாவிட்டால் இலக்கைத்தான் சிறிதாக்க வேண்டும், பிள்ளையைத் திட்டுவதில் பயனில்லை. ரொம்பச் சுலபமாக முடிக்கிறான் என்றால் எண்ணிக்கையைக் கூட்டாமல் கணக்கைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். தெரிந்ததையே முப்பது தடவை போடச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் அலுத்துவிடும்.

அந்தப் பையன் இப்போது ஒவ்வொரு நாளும் பக்கத்தின் மேலே தன் இலக்கைத் தானே எழுதுகிறான். போன வாரம் நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன், நான் இன்னும் நடத்தாத ஒன்றை பென்சிலில் எழுதி வைத்திருந்தான்: "நாளைக்கு 1000-த்துல இருந்து கழிக்கணும். மூணு சுழி."