மால்மெடி குறிப்புகள்

பிப்ரவரி 4, ஞாயிறு

மால்மெடி படுகொலை பற்றிப் படிக்க உட்கார்ந்தேன், இன்னும் எழுந்திருக்க முடியவில்லை. 1944 டிசம்பர் 17, பெல்ஜியத்தில் மால்மெடிக்குப் பக்கத்து நாற்சந்தி. சரணடைந்த அமெரிக்க வீரர்களை வயலில் நிறுத்தி ஜெர்மன் தளபதி யோகிம் பைப்பரின் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை) படையினர் சுட்டார்கள். செத்தவர்கள் 84 பேர். சுட்ட பிறகும் விடவில்லை, வயலுக்குள் இறங்கி, முனகுகிறவன், அசைகிறவன் என்று தேடித் தேடித் தலையில் சுட்டிருக்கிறார்கள். மூச்சை அடக்கிப் பிணம்போலக் கிடந்தவர்களில் சிலர் தப்பினார்கள். உடல்களை எடுக்க ஜனவரி நடுவில்தான் முடிந்தது, எல்லாம் பனிக்கடியில் உறைந்து கிடந்தன.

பிப்ரவரி 7, புதன்

1946இல் ஜெர்மனியின் டாஹாவ் (Dachau) ஊரில், பழைய நாஜி வதைமுகாம் வளாகத்திலேயே விசாரணை. உயிர் தப்பிய லெப்டினன்ட் வெர்ஜில் லேரி, குற்றவாளிகள் இருந்த பக்கம் நேராக நடந்துபோய், முதலில் சுட்டவன் இவன்தான் என்று கியோர்க் ஃப்ளெப்ஸைக் கை நீட்டிக் காட்டினார். 43 பேருக்குத் தூக்குத் தண்டனை. ஒருவன்கூடத் தூக்கிலேறவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏன் ஏறவில்லை என்பதுதான் வயிறெரிகிற கதை. அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று புகார் கிளம்பியது. கறுப்புத் துணி, மெழுகுவத்தி எல்லாம் வைத்துப் போலி விசாரணை நடத்திக் கைதிகளை மிரட்டியது உண்மை, அது தப்பு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 1949இல் அமெரிக்க செனட் துணைக்குழு இதை விசாரித்தபோது, அந்தக் குழுவில் உறுப்பினராகக்கூட இல்லாத விஸ்கான்சின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி உள்ளே வந்து உட்கார்ந்து, ராணுவ விசாரணையாளர்களைத்தான் குற்றவாளிபோலக் குடைந்தார், அவர்களில் சிலர் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்கள் என்பதால் பழிவாங்கினார்கள் என்றும் பழி விழுந்தது. பிறகு, குழு உண்மையை மூடி மறைக்கிறது என்று கத்திவிட்டு வெளியேறினார். அவருடைய விஸ்கான்சினில் ஜெர்மன் வம்சாவளி வாக்காளர்கள் ஏராளம். செத்த அமெரிக்கப் பையன்களுக்காக அவர் இவ்வளவு தொண்டை வறளப் பேசியதாக எங்கும் காணோம். சித்திரவதைப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் குழு கடைசியில் சொன்னது, அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிட்டது.

பிப்ரவரி 15, வியாழன்

1951 ஜனவரி 31. கொரியாவில் போர், சோவியத்தை எதிர்க்க மேற்கு ஜெர்மனியின் ராணுவம் வேண்டும். அன்றைக்கு ஒரே நாளில் மால்மெடி வழக்கில் எஞ்சியிருந்த 6 தூக்குகளும் ஆயுள் தண்டனை ஆயின, ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்லாய், போர்க்குற்றவாளிகளை அடைத்திருந்த லாண்ட்ஸ்பெர்க் சிறையின் கைதிகள் பலருக்குத் தண்டனையைக் குறைத்தார், அடிமை உழைப்பில் கொழுத்த ஆயுதத் தொழிலதிபர் ஆல்ஃப்ரீட் க்ரூப்புக்கு விடுதலையோடு சொத்தும் திரும்பக் கிடைத்தது. பைப்பர் 1956இல் வெளியே வந்தான்.

எஸ்தோனியாவில் நாஜிக் கொலைப்படைக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் சாண்ட்பெர்கருக்காக வடக்கு டக்கோட்டா செனட்டர் வில்லியம் லாங்கர் பரிந்து பேசியிருக்கிறார். அவனும் 1958இல் விடுதலையாகி, 2010 வரை வாழ்ந்தான். ஒரு செனட்டருக்கு இவன்மேல் என்ன அக்கறை? அடுத்து லாங்கரைப் பற்றித்தான் படிக்கப்போகிறேன்.