ஏசி லைட் பிளிங்க் ஆனால், அணைப்பதற்கு முன் வீடியோ எடுங்கள்

இன்வர்ட்டர் ஏசிக்கு "கேஸ் இறங்கிடுச்சு" என்று மெக்கானிக் சொன்ன உடனே பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். உள் யூனிட்டில் இருக்கும் சின்ன லைட் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்கச் சொல்லி நான் பட்ட பாட்டில் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்களுடையது ஒன்றரை டன் ஸ்பிளிட், ஆர்32 கேஸ். கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காற்று மட்டும் வந்தது, குளிர்ச்சி இல்லை. பச்சை லைட் விட்டு விட்டு எரிந்தது. கஸ்டமர் கேரில் பேசிய பெண், மெயினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொன்னார். போட்டதும் ஓடியது. மெக்கானிக் வந்தபோதும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. லைட் பிளிங்க் ஆனதை நான் சொல்லச் சொல்ல, "சார் இல்லீங்களா மேடம்?" என்று கேட்டார். கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜைக்கூட மாட்டாமல், "கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லி, விசிட் சார்ஜ் மட்டும் கொடுத்து அனுப்பினேன். அடுத்த மழைக்கு அதே கோளாறு திரும்ப வந்தது.

பல மாடல்களில் மெயினை அணைத்தாலே பிளிங்க் மறைந்துவிடும். கைக்கு வந்த சாட்சியை நாமே அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் இந்த முறை ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் வீடியோ எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் 6 முறை எரிந்து, சற்று நின்று, மறுபடி 6 முறை. டைமர் லைட் எரியவே இல்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், சில மாடல்களில் இரண்டு லைட்டையும் சேர்த்துத்தான் கணக்கு. மேனுவலில் "சர்வீஸ் சென்டரை அழைக்கவும்" என்பதோடு சரி. முழு அட்டவணை மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. 6 என்றால் உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கொள்ளவில்லை, அதாவது கம்யூனிகேஷன் கோளாறு. இதையே டைக்கினில் யூ4 என்றும், பானசோனிக்கில் எச்11 என்றும், எல்ஜியில் சிஎச்05 என்றும் காட்டும். பிளிங்க் கணக்கு மாடலுக்கு மாடல் மாறும். வேறு மாடலின் அட்டவணையை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் அவுட்டோர் ஓடும், குளிர்ச்சிதான் குறையும். மெல்லிய குழாயில் ஐஸ் பிடிப்பதும் உண்டு. எங்கள் வீட்டிலோ அவுட்டோர் ஃபேன் அசையக்கூட இல்லை. கம்ப்ரஸர் நிற்கும்போது கேஜ் வைத்தாலும் பயனில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தால்கூட, அன்றைய வெயிலுக்கு ஏற்ற அழுத்தத்தைத்தான் அது காட்டும்.

இரண்டாவதாக வந்தவர் வீடியோவைப் பார்த்தார், அதுவரை சந்தோஷம். பார்த்துவிட்டு, "சர்க்யூட் போர்டு போயிடுச்சு, 9,000 ஆகும்" என்றார். போர்டு போயிருந்தால் வெயில் நாளில் மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டு யூனிட்டையும் இணைக்கும் கேபிளைப் பாருங்கள் என்றால், "அது எங்க வேலை இல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்று கிளம்பிவிட்டார்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயினை அணைத்த பிறகும் மூடியைக் கழற்றவில்லை. "கொஞ்சம் பொறும்மா, உள்ள கரண்ட் நிக்கும்" என்று காத்திருந்தார். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், நீங்களாகத் திறக்கவே திறக்காதீர்கள். அப்புறம் காப்பர் குழாயோடு சேர்த்துச் சுற்றியிருந்த கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஓர் இடம் புடைத்திருந்தது. டேப்பை அறுத்ததும் தண்ணீர் சொட்டியது. உள்ளே ஜாயின்ட்! பொருத்த வந்தவர்கள் கேபிள் நீளம் பத்தாமல் இன்னொரு துண்டை முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப் பிசுபிசுவென்று கழன்று வந்தது. சிக்னல் ஒயரின் செம்பு பச்சை பூத்து, தொட்டதும் இரண்டு இழை உதிர்ந்தது.

நடுவில் ஒட்டே இல்லாத புதுக் கேபிள் போட்டார். இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு ஒரே நிற ஒயர் என்று சரிபார்த்து முடுக்கினார். ஒயர்கள் இடம் மாறினாலும் இதே கோளாறு வரும். கூலியும் சேர்த்து, போர்டுக்குச் சொன்ன தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பெய்த மழையிலும் நிற்காமல் ஓடுகிறது.

புது ஏசி மாட்டுகிறவர்கள் டேப் சுற்றுவதற்கு முன் பக்கத்தில் நின்று கேபிளைப் பாருங்கள். பத்தாவிட்டால் நீளமான கேபிள் வாங்கி வரச் சொல்லுங்கள்.

வீடியோ, அறுத்தெடுத்த ஜாயின்ட்டின் போட்டோ எல்லாவற்றையும் இணைத்து சர்வீஸ் நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். இரண்டாவது விசிட் சார்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதல் விசிட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை, அதையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.