உருண்டைக் கல்லைச் சுத்தியலால் உடைக்காதீர்கள்

நான் கண்டெடுத்த முதல் நண்டுப் புதைபடிவத்தை, கோடிக்கணக்கான வருடங்களில் கல்லாகிப்போன நண்டை, நானே இரண்டாகப் பிளந்துவிட்டேன். கடலோரக் களிமண் சரிவின் அடியில், இரண்டு கைகளையும் குவித்துப் பிடிக்கிற அளவுக்கு ஓர் உருண்டைக் கல் கிடந்தது. ஓரத்தில் சின்னச் சின்னதாகக் கறுப்பு வட்டங்கள் தெரிந்தன, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொறுமைகூட இல்லாமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு போடு போட்டேன். கல் பிளந்தது, நண்டும் கூடவே பிளந்தது. முதுகு ஓடு தெரிய வேண்டிய இடத்தில் வெறும் குறுக்குவெட்டு. அந்தக் கறுப்பு வட்டங்கள் ஒடிந்த கால்களின் முனைகள் என்பது அப்புறம்தான் புரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டு துண்டுகளையும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

அம்மோனைட், அதாவது சுருள் ஓடு கொண்ட அழிந்துபோன கடலுயிரின் படிவம், தேடிப் பழகியவர்கள் சுத்தியலைத்தான் முதலில் எடுப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. அம்மோனைட் பெரும்பாலும் தட்டையானது, கல் அதன் ஓட்டை ஒட்டியே பிரிந்துவிடும். அமெரிக்காவின் மேஸன் கிரீக் உருண்டைகளை நீரில் ஊறவைத்து, உறையவைத்து, உருகவைத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்து தானாகத் திறக்க வைப்பார்கள், உள்ளே 30 கோடி ஆண்டு பழைய உயிர்கள் அழகாக விரிந்திருக்கும். நண்டு அப்படிப் பிரியாது. முதுகு மேடும் பள்ளமும், கால்கள் ஆளுக்கொரு திசையில், கொடுக்கு முன்னால் மடங்கி இருக்கும். விரிசல் இதையெல்லாம் சுற்றிப் போகாது, நேராக வெட்டிக்கொண்டு போய்விடும்.

அதோடு, முழு நண்டு கிடைப்பதே அபூர்வம். சங்கு, சிப்பி போல அது கெட்டியான ஒற்றை வீடு கிடையாது, மெல்லிய சவ்வுகளால் இணைத்த பல துண்டுகள். செத்த சில நாட்களில் சவ்வு அழுகி, கால் தனி, கொடுக்கு தனி என்று சிதறிவிடும், மிச்சத்தைத் தின்ன ஆயிரம் உயிர்கள் காத்திருக்கும். அதனால்தான் பல இடங்களில் கொடுக்கின் விரல்கள் மட்டும் கிடைக்கின்றன, ஓட்டிலேயே கனமான பகுதி அதுதான். முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் சீக்கிரமாக வண்டலில் புதைய வேண்டும். புதைந்த பிறகு, உடல் அழுகும்போது பாக்டீரியாக்கள் சுற்றியுள்ள நீரின் வேதியியலையே மாற்றி, அந்த இடத்தில் மட்டும் தாது படிந்து கெட்டியாகும்படி செய்கின்றன. மேலே குவியும் மண் அழுத்தி நசுக்குவதற்குள் நண்டைச் சுற்றி ஒரு கல் கூடு உருவாகிவிடுகிறது. அந்த உருண்டையை உண்டாக்கியதே அந்த நண்டின் உடல்தான்! நியூசிலாந்தில் மயோசீன் காலத்து (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) டுமிடோகார்சினஸ் நண்டுகள் இப்படித்தான் உருண்டைக்குள் கொடுக்கோடு முழுசாக வருகின்றன.

சரி, உடைக்காமல் எப்படித் திறப்பது? காற்றழுத்தத்தில் இயங்கும், பேனா மாதிரி பிடிக்கிற சின்ன உளியான ஏர் பென் ஒன்று, அதற்குக் காற்று தரும் கம்ப்ரசர், பாதுகாப்புக் கண்ணாடி, தூசி முகமூடி. முகமூடி இல்லாமல் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள், நுண்ணிய கல்தூசி நுரையீரலை விட்டுப் போகாது. முதலில் கல்லை நன்னீரில் போட்டு, நீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் உப்பை வெளியேற்றுங்கள், கடற்கரையில் எடுத்ததென்றால் இது கட்டாயம். அப்புறம் ஓரத்தில் தெரியும் கால் முனையிலிருந்து உள்நோக்கி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போக வேண்டும். கல்லுக்கும் ஓட்டுக்கும் நிறம் சற்றே மாறும், சத்தமும் மாறும். கொஞ்ச நாளில் கண்ணுக்கு முன்பே காது அதைப் பிடித்துவிடுகிறது. விரிசல் கண்டால் நிறுத்திவிட்டு, அசிட்டோனில் கரைத்த பாராலாய்ட் பி-72 என்ற பசையை விட்டு இறுக்கிக்கொள்வேன், பின்னால் வேண்டாமென்றால் அதைத் திரும்பக் கரைத்து எடுத்துவிடலாம். அமிலத்தில் ஊறவைத்தால் வேகமாக முடியுமே என்று கேட்பார்கள். நண்டின் ஓட்டிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது, அமிலம் கல்லை விட்டுவிட்டு முதலில் ஓட்டைக் கரைத்தாலும் ஆச்சரியமில்லை.

மெதுவாகப் போவதன் பலன் எனக்கு ஒரு சின்ன நண்டில் தெரிந்தது. முதுகின் ஒரு பக்கம் மட்டும் உப்பலாக இருந்தது. ஒட்டியிருக்கும் கல் என்று நினைத்து அரைக்கப் போனேன், சத்தம் மாறவில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டின் சின்னப் புள்ளிகள் அந்த உப்பலின் மேலும் தொடர்ந்து போகின்றன. பொபைரிட் என்ற ஒட்டுண்ணி செவுள் அறைக்குள் குடியேறினால் ஓடு அந்தப் பக்கம் மட்டும் இப்படி உப்பும். இன்றைய நண்டுகளிலும் உண்டு, ஜுராசிக் காலப் படிவங்களிலும் உண்டு. ஒட்டுண்ணியின் மென்மையான உடல் எப்போதோ மறைந்துவிட்டது, அது வாழ்ந்த அறை மட்டும் கல்லாகி என் கையில் இருக்கிறது. இன்னும் அரை நிமிடம் அரைத்திருந்தால் அதுவும் இல்லை.

வயிற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பலர் முதுகைத் திறந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அடியில் மடிந்திருக்கும் வால் பகுதி குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். ஓட்டின் பின்பக்கம் திறந்து தூக்கியிருந்தால் அது செத்த நண்டு இல்லாமல், கழற்றிப் போட்ட சட்டையாக இருக்கலாம், அந்த நண்டு அதன் பிறகு எத்தனை காலம் வாழ்ந்ததோ. கால்களையும் எண்ணிப் பாருங்கள். உண்மையான நண்டுக்குக் கொடுக்கு போக நான்கு ஜோடி நடைகால்கள். மூன்று ஜோடிதான் கண்ணில் படுகிறது, கடைசி ஜோடி சிறுத்து ஒளிந்திருக்கிறது என்றால் அது உண்மையான நண்டே இல்லாமல், காலிச் சங்குக்குள் வாழும் துறவி நண்டின் உறவாக இருக்கலாம். நண்டு உருவம் பரிணாமத்தில் ஒரு தடவை மட்டும் வந்ததல்ல, வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக அந்த உருவத்துக்கு வந்திருக்கின்றன. 1916-இலேயே ஆங்கிலேய விலங்கியலாளர் போரடேல் இதற்குப் பெயர் வைத்துவிட்டார், கார்சினைசேஷன்.

லாட நண்டு பெயரில்தான் நண்டு, சிலந்திகளுக்குத்தான் நெருக்கம். ஆனாலும் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் காயலின் அடியில் அது நடந்த 9.7 மீட்டர் தடமும், தடத்தின் முடிவில் செத்துக் கிடக்கும் அதுவும் ஒரே பலகையில் இருக்கின்றன. அழகான உடலை மட்டும் வெட்டி எடுத்திருந்தால், ஒரு லாட நண்டு கிடைத்தது என்பதோடு முடிந்திருக்கும்.

வீட்டில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) உள்ள படிவங்களைத் தனியாக வையுங்கள், லண்டன் களிமண்ணில் வருபவை மாதிரி. ஈரக்காற்று பட்டால் பைரைட் அமிலமாக மாறி, பல கோடி வருடம் தாங்கியதைச் சில வருடங்களில் பொடியாக்கிவிடும். மூடிய டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், அவ்வளவு போதும். எடுத்த இடம், எந்தப் பாறை அடுக்கு, தேதி, இந்த மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், நினைவில் இருக்கும் என்று விடாதீர்கள். எடுப்பதற்கு முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள், இத்தாலியில் படிவங்கள் அரசுக்குச் சொந்தம், நியூசிலாந்திலிருந்து வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அலை இறங்கும்போது போங்கள், சரிவின் அடியில் உட்காராதீர்கள், நான் உட்கார்ந்த மாதிரி.

இப்போது மேசையில் ஒரு கல் இருக்கிறது, மூன்றாவது வாரம். இடது கொடுக்கு முழுசாக வந்துவிட்டது, வலதில் விரல் நுனி மட்டும் தெரிகிறது, அது கல்லுக்குள் கீழ்நோக்கி வளைந்து போகிறது. நாளைக்கு அந்தப் பக்கம்.